பச்சை வாசனை

லிப்டுகாரருக்கு ஐம்பத்து மூன்றாவது வயதில் ஒரு பதவி உயர்வு கிடைத்தது. கம்பெனியில் அல்ல, வீட்டு அடுப்படியில்.

கல்யாணம் ஆன இந்த இருபத்தாறு வருஷத்தில் அந்த அடுப்படியில் அவருக்கு இருந்த உரிமை ரொம்பச் சின்னது. வாசலில் நின்றுகொண்டு "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்கலாம். "கேட்டுக்கிட்டே நின்னா இன்னும் நேரமாகும்" என்ற பதிலை வாங்கிக்கொண்டு போகலாம். அவ்வளவுதான். அப்படிப்பட்டவரை ஒருநாள் மனைவியே உள்ளே கூப்பிட்டாள். தக்காளியும் பூண்டும் வெந்துகொண்டிருந்த சாற்றை ஒரு கரண்டி எடுத்து, ஊதி ஆற்றி, அவர் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"கொஞ்சம் பாருங்க. பூண்டோட பச்சை வாசனை போயிருச்சா?"

அவர் திரும்பிப் பார்த்தார். "என்னையா கேக்கறே?"

"பின்னே? உங்களுக்குப் பின்னால வேற யாராவது நிக்கறாங்களா?"

அவர் கண்ணை மூடி, உதட்டைக் குவித்து, வேண்டிய அளவுக்கு மேலேயே நேரம் எடுத்துக்கொண்டு, "இன்னும் ஒரு கொதி வரணும்" என்றார். அவள் மறுபேச்சுப் பேசாமல் தீயைக் கூட்டினாள். லிப்டுகாரருக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் மீனை மூக்குக்கு நேரே பிடித்து "புதுசுதானே?" என்று கேட்டாள். அதற்கு மறுநாள் எண்ணெயைக் காட்டி "காறல் அடிக்குதா?" என்றாள். பதினான்கு மாடிக் கட்டிடத்தின் உச்சியில், லிப்டைப் பழுதுபார்க்கப் போன மோட்டார் அறைக்குள் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டைப் பிரிக்கும்போது, கூட வேலை செய்பவரிடம் அவர் பெருமையாகச் சொன்னார்: "எங்க வீட்டுல இப்ப நான் பாத்துச் சரின்னு சொன்னாத்தான் சட்டி இறங்கும், தெரியுமா?"

அது லேசுப்பட்ட சட்டி அல்ல. அவர் மனைவி தையல்காரி. வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு, இடுப்புப் பெருத்த கால்சட்டைகளைப் பிடிப்பதும், இறுகிப்போன சட்டைகளைப் பிரித்துவிடுவதுமாக நாள் முழுக்கக் கால் மிதித்துக்கொண்டிருப்பாள். ஆனால் மனசு முழுக்க அடுப்பில்தான். எங்காவது விருந்துக்குப் போய் ஒரு வாய் ருசித்துவிட்டால் போதும், திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே ஆரம்பித்துவிடுவாள். "சீரகத்தை வறுக்காமப் போட்டிருக்கான். எலுமிச்சம்பழத் தோலைச் சீவிப் போட்டிருக்கான், பாத்தீங்களா?" அவர் எதையும் பார்த்திருக்க மாட்டார். இரண்டு தட்டுச் சாப்பிட்டிருப்பார். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தப் பண்டம் அவர்கள் வீட்டுக்கு வந்துவிடும், விருந்தில் சாப்பிட்டதைவிட ஒரு படி மேலாகவே.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு அவருடைய அண்ணனும் அண்ணியும் வந்துவிடுவார்கள். அண்ணன் மருந்துக்கடைக்காரர், வாரத்தில் அந்த ஒரு சாயங்காலம்தான் கடையை அடைப்பார். அண்ணி நாலு தெரு தள்ளியிருக்கும் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். லிப்டுகாரரின் மகள் தபால் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. ஆக ஐந்து பேர், ஒரு மேஜை. ஐந்தாவது நாற்காலிக்கு ஒரு கால் கட்டை. அதன் அடியில் நூல்கண்டு அட்டை மடித்து வைத்திருக்கும். வாரம் முழுக்க யார் யாரோடு மூஞ்சியைத் தூக்கிக்கொண்டிருந்தாலும் அந்த மேஜையில் வந்து உட்கார்ந்தால் சரியாகிவிடும். தட்டைப் பார்த்தபின் கோபத்தை ஞாபகம் வைத்திருக்கும் தெம்பு அந்தக் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது.

பதவி உயர்வு வந்த சந்தோஷத்தில், அதற்குக் கொஞ்சநாள் முன்னால் நடந்ததை லிப்டுகாரர் சேர்த்து யோசிக்கவில்லை. ஒரு மழைநாளில் மொட்டைமாடியிலிருந்து துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது அவள் வழுக்கிவிட்டாள். பின்மண்டை படியில் இடித்தது. நாலு தையல் போட்டார்கள். ஸ்கேன் எடுத்து, ரத்தக்கசிவு ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். தையலைப் பிரித்த நாளில் அவள் கண்ணாடியில் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "என்ன கைவேலை இது, சாக்கு தைக்கற மாதிரி தைச்சிருக்காங்க" என்று சிரித்தாள். அதோடு அந்த விஷயம் முடிந்துபோனதாகத்தான் எல்லாரும் நினைத்தார்கள்.

முடியவில்லை. அவள் இளைக்க ஆரம்பித்தாள். முதலில் கன்னம், பிறகு தோள். தன் உடுப்புகளையே எடுத்து இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டாள். அதையும் அவர் பார்க்கும்போது செய்யவில்லை. வளையல் முழங்கை வரைக்கும் ஏறுவதை ஒருநாள் மகள்தான் கவனித்துச் சொன்னாள்.

அதன்பிறகு லிப்டுகாரர் காலில் சக்கரம் கட்டிக்கொண்டார். அண்ணன் ஒரு தாளில் எழுதிக்கொடுத்த பரிசோதனைகள் ஒவ்வொன்றுக்கும் லீவு போட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனார். காலையில் வெறும் வயிற்றில் சர்க்கரைக்கு ரத்தம்; அப்புறம் தைராய்டுக்கு; அப்புறம் வயிற்று டாக்டர். டோக்கன் வாங்கி, நீல நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்து, சுவரில் மாட்டிய டிவியைச் சத்தமில்லாமல் பார்த்து, பேர் கூப்பிட்டதும் எழுந்து ஓடி. அவள் ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் கையை நீட்டினாள், நாக்கை நீட்டினாள், படுக்கச் சொன்ன இடத்தில் படுத்தாள். ரிப்போர்ட்டுகள் எல்லாம் முதல் வகுப்பில் தேறி வந்தன. ஒரு குறையும் இல்லை. பசிக்கு ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார்கள்.

அந்த டானிக்கின் இரண்டாவது பாட்டிலை வாங்கிக்கொண்டு ஒரு புதன்கிழமை அவர் சீக்கிரமே வீட்டுக்கு வந்தார். மணி ஐந்தரை இருக்கும். மாடிப்படி ஏறும்போதே மூக்கில் ஏறியது. அழுகிய முட்டை மாதிரி, தொண்டையை அடைக்கிற நாற்றம். கேஸ்.

கடைசிப் படிகளை எப்படி ஏறினார் என்று அவருக்குத் தெரியாது. கதவைத் தள்ளிக்கொண்டு அடுப்படிக்குப் போனால், அடுப்பு மேல் பால் பொங்கி வழிந்து கிடக்கிறது. அவள் ஒரு கையால் துணி வைத்துத் துடைத்துக்கொண்டு, இன்னொரு கையில் லைட்டரைப் பிடித்திருக்கிறாள். கட்டைவிரல் அதன் மேல் இருக்கிறது.

"பத்த வைக்காதே!"

அந்தச் சத்தத்தில் லைட்டர் அவள் கையை விட்டுக் கீழே விழுந்தது. அவர் பாய்ந்து அடுப்பின் திருகை அடைத்தார், சிலிண்டரை அடைத்தார், இரண்டு ஜன்னலையும் அறைந்து திறந்தார். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்து மாடிப்படியில் உட்கார வைத்தார்.  அவள் முகத்தில் பயமே இல்லை, அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது. என்ன நடந்தது என்றே தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு அம்மா பாவாடை நீளம் பாக்க வந்தாங்க. அளவு எடுத்துட்டு வர்றதுக்குள்ள பொங்கி அணைஞ்சுருச்சு. ரெண்டு நிமிஷம்தான் இருக்கும்."

"ரெண்டு நிமிஷமா? கீழ் வீடு வரைக்கும் நாறுது! உனக்கு நாத்தம் அடிக்கலியா?"

 டானிக் பாட்டில் இன்னும் அவர் கையிலேயே இருந்தது. அவர் அதைப் படியில் வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்தார். லிப்டுக் கதவுகள் சரியாக மூடாதபோது எந்த உருளையில் கோளாறு என்று காதை வைத்தே கண்டுபிடிக்கிறவர். அந்தக் காதெல்லாம் வீட்டுக்கு வரும்போது எங்கே போயிற்று?

"உனக்கு வாசனையே தெரியலியா?"

"தெரியலை" என்றாள்.

"எப்பலேருந்து?"

"விழுந்ததுலேருந்து. ஆஸ்பத்திரியிலேயே டெட்டால் வாசனை இல்லை. சரி, சளியா இருக்கும்னு நினைச்சேன். வீட்டுக்கு வந்து வெங்காயம் வதக்கினேன். கண்ணுல தண்ணி வருது, வாசனை வரலை. அடுப்பு முன்னாடி நின்னுக்கிட்டே அழுதேன். நீங்க வந்து, என்ன ரொம்ப உரிச்சிட்டியான்னு கேட்டீங்க."

"அஞ்சு மாசம்!" என்றார். குரல் உடைந்தது. "அஞ்சு மாசமா வாயைத் திறக்கலையே நீ. கையைக் குத்திக் குத்தி ரத்தம் எடுத்தாங்களே, அப்பவாவது சொல்லக் கூடாதா?"

"ரத்தம்தானே, ஊறிக்கும்னு விட்டேன்."

"விளையாடாதே."

"விளையாடலைங்க. உப்பு தெரியும், புளிப்பு தெரியும், இனிப்பு தெரியும். அதுக்கு மேல ஒண்ணும் கிடையாது. மீனும் ஒண்ணுதான், உருளைக்கிழங்கும் ஒண்ணுதான். ஈரத்துணியை மெல்லற மாதிரி இருக்கும். மெல்ல மெல்ல, எதுக்கு முழுங்கணும்னு தோணும். அதான் இளைச்சுட்டேன். வயித்துல ஒண்ணும் இல்லை."

"அதை ஏன் சொல்லலைன்னுதான் கேக்கறேன்."

அவள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "சொன்னா அடுப்பைப் பிடுங்கிடுவீங்க. இல்லைன்னா பாவம்னு பாத்துச் சாப்பிடுவீங்க. நான் என்ன வெச்சாலும் நல்லாருக்கு, நல்லாருக்குன்னு தலையாட்டுவீங்க. அதுக்கப்புறம் எனக்கு எது நிஜம்னு எப்படித் தெரியும்? என் நாக்கும் இல்லை, உங்க வாயும் இல்லைன்னா நான் எதை நம்பிச் சமைக்கறது?"

தன் பதவி உயர்வின் ரகசியம் அவருக்கு அப்போதுதான் விளங்கியது. மோட்டார் அறையில் பேசிய பேச்செல்லாம் நினைவுக்கு வந்து காது சுட்டது. அந்த வெட்கத்திலும், லைட்டர் மேல் இருந்த கட்டைவிரலின் நினைப்பிலும், அவள் எதைப் பயந்தாளோ அதையே சொல்லிவிட்டார்.

"ஆமா, பிடுங்கத்தான் போறேன். இனிமே நீ அடுப்புப் பக்கம் போகக் கூடாது."

அவள் எழுந்து, உள்ளே போய், மெஷின் முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

காது மூக்கு தொண்டை டாக்டர் ஒரு நிதானமான பெண்மணி. அவளைக் கண்ணை மூடச் சொல்லி காப்பித்தூள் டப்பாவை மூக்கருகே வைத்தார். இல்லை. சோப்பு. இல்லை. கிராம்பு. இல்லை. கடைசியாக ஒரு சின்னக் குப்பியைத் திறந்தார். அவள் வெடுக்கென்று தலையைப் பின்னுக்கு இழுத்தாள். லிப்டுகாரர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "தெரியுது! அவளுக்குத் தெரியுது!"

"அது எரிச்சல், வாசனை இல்லை" என்றார் டாக்டர். "அது வேற நரம்பு. காரம், குளிர்ச்சி, எரிச்சல் எல்லாம் அந்த நரம்பு வழியா வரும். வாசனை நரம்பு நூல் மாதிரி மெல்லிசு. மண்டையில அடி படும்போது மூளை ஒரு குலுங்கு குலுங்கும். அதுல அறுந்திருக்கும்."

"நூல்னா ஒட்டுப் போட முடியாதாம்மா?" என்று கேட்டாள் தையல்காரி.

டாக்டர் சிரிக்கவில்லை. "எங்களால முடியாது. சில பேருக்கு அதுவா கொஞ்சம் வளரும். நிறைய பேருக்கு வளராது. தினமும் ரெண்டு வேளை கிராம்பு, எலுமிச்சைத் தோல், யூகலிப்டஸ் தைலம், பன்னீர், நாலையும் மோந்து பாருங்க. ஒரு வருஷம் விடாம செய்யுங்க. வரும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்."

அண்ணன் விஷயம் தெரிந்ததும் கடையிலிருந்தே போன் செய்தார். "தம்பி, சொல்றதைக் கேளு. அடுப்புப் பக்கமே விடாதே. ஒரு தடவை தப்பிச்சாச்சு." அவள் உடம்பு தேறும்வரை ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு வேண்டாம் என்றும் அவரே முடிவு செய்தார். அண்ணியிடமோ மகளிடமோ யாரும் முழுசாகச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது நான்தான், நானே சொல்லிக்கிறேன் என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு நாள் லிப்டுகாரர் சமைத்தார். சமைத்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. முட்டை அவித்தார், ரொட்டி வாங்கினார், சோற்றைக் குழைத்தார். மகள் ஆபீசிலிருந்து வந்து தட்டைப் பார்த்துவிட்டு, "அப்பா, இன்னிக்கு எனக்குப் பசியில்லை" என்று ஒரு வாழைப்பழத்தோடு போய்விடுவாள். மனைவி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. முன்னறையில் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். காலையும் சாயங்காலமும் நாலு குப்பிகளையும் வரிசையாகத் திறந்து மோந்துவிட்டு மூடி வைப்பாள். இருபத்தாறு வருஷத்தில் அந்த வீடு இவ்வளவு சுத்தமாகவும் இவ்வளவு வெறிச்சென்றும் இருந்ததில்லை.

பதின்மூன்றாம் நாள் அவர் துணிந்து மீன் வாங்கினார். தக்காளி போட்டு வேகவைத்து, கடைசியில் எலுமிச்சை பிழிய வேண்டும். அவள் செய்து எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறார், என்ன பிரமாதம்? வெங்காயத்தைப் போட்டார், தக்காளியைப் போட்டார், மீனைப் போட்டு மூடினார். ஸ்டூலில் உட்கார்ந்து போனைப் பார்க்க ஆரம்பித்தார்.

முன்னறையில் மெஷின் சத்தம் நின்றது.

"தீயைக் குறைங்க" என்று குரல் வந்தது. "தண்ணி வத்திருச்சு. அடி பிடிக்கப் போகுது."

அவர் மூடியைத் திறந்தார். சாறு சுண்டி, ஓரத்தில் கறுக்கத் தொடங்கியிருந்தது. அவசரமாகத் தண்ணீர் ஊற்றித் தீயைக் குறைத்தார். கரிந்த வாசனை அவருக்கே இன்னும் வரவில்லை. அவளுக்கு எப்படி?

கரண்டியோடு முன்னறைக்குப் போனார். இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு சுவர், ஒரு திரைச்சீலை. அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"சத்தம் மாறுச்சே."

"என்ன சத்தம்?"

"தண்ணி இருக்கறப்போ கொதி 'களக் களக்'குன்னு உருண்டையா கேக்கும். வத்த வத்த 'டப் டப்'புனு தெறிக்கும். அப்புறம் எண்ணெய் மட்டும் நின்னு 'சுர்'ருங்கும். அந்தச் சுர்ரு வந்துட்டா அரை நிமிஷம்தான்."

அவர் எதிரில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். கயிறு தேய்ந்த லிப்டு ஒரு மாதிரி முனகும், உருளையில் எண்ணெய் வற்றிய லிப்டு வேறு மாதிரி முனகும் என்று புது ஆட்களுக்கு அவர் மணிக்கணக்கில் சொல்லியிருக்கிறார். பாதிப் பேருக்குக் காதில் ஏறாது. அவருக்கே ஏறுவதற்கு ஏழெட்டு வருஷம் பிடித்தது. இவள் ஐந்து மாதத்தில், ஒருத்தருக்கும் தெரியாமல், தானாகவே கற்றுக்கொண்டிருக்கிறாள்.

"இன்னும் சொல்லு" என்றார்.

"என்னத்தைச் சொல்ல?"

"எல்லாத்தையும். வெங்காயத்துக்கு என்ன செய்வே?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு சொல்லச் சொல்லக் குரலில் பழைய சூடு ஏறியது. "வெங்காயம் போட்டதும் கூச்சல் போடும். ஈரம் போகப் போக அடங்கும். அடங்கினதுக்கு அப்புறம் நிறம் பாக்கணும். மெஷின்ல போடற பழுப்பு நூல் இருக்கே, அந்த நிறம் வந்தா இறக்கிடலாம். பூண்டுக்கு மனசுக்குள்ள எண்ணுவேன். சீரகம் வெடிக்கறதை நிறுத்தினா சரி. இறைச்சி வெந்துச்சான்னு கரண்டியால அமுக்கினா கையில தெரியும். துணியோட நெசவு விரல்ல தெரியற மாதிரிதான். முன்னெல்லாம் கண்ணளவுதான். இப்ப எல்லாம் ஸ்பூன் அளவு. ஒவ்வொரு தடவையும் அதே அளவு போட்டா அதே ருசிதானே வரணும்? நான் மாத்தாம இருந்தா அது மாறாது."

"அப்போ என்னை எதுக்குக் கூப்பிட்டே?"

"பூண்டுக்கு நாப்பது போதுமா அம்பதான்னு தெரியணுமில்லே. நீங்க நாலு நாள் 'இன்னும் ஒரு கொதி'ன்னீங்க. அஞ்சாம் நாள் அம்பது எண்ணினேன். 'சரியா இருக்கு'ன்னீங்க. அதைக் குறிச்சு வெச்சுக்கிட்டேன்." நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "உங்க நாக்கு நல்ல நாக்குதாங்க. பொய் சொல்லத் தெரியாது அதுக்கு."

 இந்த ஐந்து மாதத்தில் அந்த மேஜையில் இருபது ஞாயிற்றுக்கிழமைகள் கடந்திருக்கின்றன. ஒருத்தர் ஒரு தடவை முகம் சுளித்ததில்லை. தான் ஒரு பிடி விரும்பிச் சாப்பிட முடியாத சோற்றை, வாரா வாரம் எண்ணி, கேட்டு, தொட்டுப் பார்த்து, நாலு பேர் விரலை நக்கும்படி ஆக்கிப் போட்டிருக்கிறாள். அவளைத்தான் அவர் அடுப்புப் பக்கம் போகக் கூடாது என்று உட்கார வைத்திருந்தார்.

"எழுந்து வா" என்றார். "அந்த மீனைக் காப்பாத்து."

"உங்க அண்ணன் திட்டுவார்."

"அண்ணன் மருந்துக்கடையைப் பாத்துக்கட்டும்."

மறுநாளே அவர் கேஸ் கசிந்தால் அலறுகிற ஒரு கருவியை வாங்கி வந்து, சிலிண்டருக்குப் பக்கத்தில், தரைக்கு ஒரு சாண் மேலே சுவரில் துளை போட்டு மாட்டினார். தானாகவே கேஸை அடைக்கும் வால்வு ஒன்றையும் குழாயில் இணைத்தார். ஒரு தடவைக்கு மூன்று தடவை சோதித்துப் பார்த்தார். அது போட்ட கூச்சலில் கீழ் வீட்டுக்காரர் மேலே ஓடி வந்தார். பால் காய்ச்ச ஆழமான பாத்திரம் வந்தது. அடுப்பை ஏற்றிவிட்டு வாடிக்கையாளருக்கு அளவெடுக்கப் போவதில்லை என்று அவள் ஒத்துக்கொண்டாள். அதற்கு மேலும் அவருக்குக் கொஞ்சம் பயம் மிச்சமிருந்தது. அதை வெளியே காட்டாமல் வைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும். எல்லார் தட்டிலும் பரிமாறி முடித்தபின் அவள் உட்காராமல் நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள். விழுந்தது முதல் லைட்டர் வரைக்கும். மகள் கையில் எடுத்த சோறு தட்டிலேயே விழுந்தது. அண்ணன் தம்பியை முறைத்தார். லிப்டுகாரர் சுவரில் இருந்த கருவியைக் கையால் காட்டிவிட்டுக் குனிந்து சாப்பிட்டார்.

"இனிமே நீங்க யாரும் நல்லாருக்குன்னு சொன்னா நான் நம்ப மாட்டேன்" என்று முடித்தாள். "அது மட்டும்தான் எனக்குக் கஷ்டம்."

அண்ணி சாவகாசமாக வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். "இத்தனை நாளா நாங்க தெரியாமத்தானே சாப்பிட்டோம்? போன மாசம் நீ செஞ்ச அந்த ஆட்டுக்கறியை நான் மூணு தடவை வாங்கிப் போட்டுக்கிட்டேன். எனக்கு என்ன, உன் மேல பாவம் பாத்து மூணு தடவை வயித்தை நிரப்பிக்கப் பைத்தியமா? நடந்து முடிஞ்ச பரீட்சைம்மா அது. நீ பாஸு. இன்னிக்கு என்னவோ மிளகு தூக்கலா இருக்கு, அதையும் குறிச்சுக்கோ."

 அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "சரிக்கா. கால் ஸ்பூன் குறைச்சிக்கறேன்" என்றாள்.

மகள் அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, யாருக்கும் தோன்றாத ஒன்றைக் கேட்டாள். "அம்மா, இப்ப உனக்கு எது சாப்பிடப் பிடிக்குது?"

தையல்காரி வாயைத் திறந்தாள், மூடினாள். அந்த ஐந்து மாதமும் மற்றவர்கள் வாய்க்காக எண்ணிக்கொண்டிருந்தவள், தன் வாய்க்கு என்ன வேண்டும் என்று ஒருநாளும் எண்ணிப் பார்க்கவில்லை. "தெரியலையே" என்றாள். "யோசிச்சுச் சொல்றேன்."

யோசிக்க ஒரு வாரம் ஆனது. அந்த வாரம் லிப்டுகாரர் வேலை முடிந்து வரும்போதெல்லாம் போனில் ஒரு பட்டியல் வரும். வேர்க்கடலை, வறுக்காதது. வினிகர். புதினா. பச்சை ஆப்பிள், கல் மாதிரி இருக்கணும். முந்தாநாள் ரொட்டி. "முந்தாநாள் ரொட்டியை எந்தக் கடையில கேக்கறது?" என்று போன் செய்தார். "நாளைக்கு வேணும்னா நேத்தே வாங்கியிருக்கணும். சரி, இன்னிக்கு வாங்குங்க, நான் காத்துக்கிட்டிருக்கேன்." இந்தத் தடவை அவரை ருசி பார்க்கக் கூப்பிடவில்லை. அடுப்படியில் அவளாகவே மெல்லுகிற சத்தமும், நடுநடுவே "ம்ஹும்" என்றும் "ஆங்" என்றும் சொல்லிக்கொள்வதும் வெளியே கேட்டன. ஒரு சாயங்காலம் எதையோ வாயில் போட்டுக்கொண்டு, கண்ணில் நீர் தளும்ப, சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். "காரம் தெரியுதுங்க. நல்லாவே தெரியுது."

ஞாயிற்றுக்கிழமை மேஜை நடுவில் ஒரு பெரிய கிண்ணம் வந்தது. பெயரில்லாத பண்டம். நெய்யில் மொறுமொறுவென்று பொரித்த ரொட்டித் துண்டுகள், சுடச்சுட. அதன் மேல் ஐஸ் மாதிரி குளிர்ந்த கெட்டித் தயிர். வினிகரில் ஊறிய வெங்காயம், நறுக்கிய ஆப்பிள், உடைத்த கடலை, கசக்கிய புதினா, மேலே கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குப் பருபருவென்று இடித்த மிளகு. மற்றவர்களுக்கென்று பக்கத்தில் சோறும் மீனும் இருந்தன. ஆனாலும் எல்லாரும் முதலில் கிண்ணத்தில்தான் கரண்டியை விட்டார்கள்.

அண்ணன் ஒரு வாய் போட்டார். சூடும் குளிரும் புளிப்பும் காரமும் ஒன்றாகத் தாக்கியதில் முகம் நாலு பக்கமும் கோணியது. இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

"கோவிச்சுக்காதேம்மா. எனக்குப் பிடிக்கலை."

"பிடிக்க வேண்டியது எனக்கு மச்சான்" என்றாள் அவள். மேஜை முழுக்கச் சிரித்தது, அண்ணன் உட்பட.

மகள் பாதி சாப்பிட்டுவிட்டு மீனுக்குத் தாவினாள். அண்ணி ஆப்பிள் துண்டுகளை மட்டும் பொறுக்கித் தின்றார். லிப்டுகாரருக்கு அது பிடித்ததா இல்லையா என்று தெரியவில்லை. வாயில் போட்டதோடு சரி, மெல்லுவதை நிறுத்திவிட்டு எதிரே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மேஜையில் மற்றவர்கள் பேசுவது எதுவும் அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. ரொட்டி நொறுங்கும் சத்தம் இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது. ஒவ்வொரு வாயிலும் குளிர்ச்சி பல்லில் படும்போது புருவம் உயர்ந்தது, மிளகு கடிபடும்போது மூக்கு சிவந்தது, உடனே கை அடுத்த வாய்க்குப் போனது. உதட்டோரத்தில் தயிர் ஒட்டியிருந்ததை அவள் துடைக்கவில்லை. தட்டு காலியானதும் விரலால் வழித்து நக்கினாள்.

பிறகு நிமிர்ந்து, கிண்ணம் அவர் பக்கம் இருப்பதைப் பார்த்து, தட்டை நீட்டினாள்.

"இன்னும் போடுங்க" என்றாள். "கஞ்சத்தனம் பண்ணாம."